சொந்தச் செலவில் ஒரு பேய்

உலகத்தில் பேயை நம்புகிறவர்கள் உண்டு, நம்பாதவர்கள் உண்டு. இந்த இரண்டு கட்சியிலும் சேராமல், பேயைத் தானே பெற்று, பெயர் வைத்து, அட்டை போட்டு, அச்சடித்து, கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்துக்கொண்டு, அதன்மேல் நிம்மதியாகப் படுத்துத் தூங்கும் மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. திகில் நாவலைத் தானே எழுதித் தானே வெளியிடும் எழுத்தாளர் இனம். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று பெரியவர்கள் சொன்னது இவரை மனத்தில் வைத்துத்தானோ என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம்.

இவரைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட வேண்டாம். மற்ற எழுத்தாளர்கள் தங்கள் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, "நல்லா இருந்துச்சா?" என்று கேட்பார்கள். இவர், "தூக்கம் வந்துச்சா?" என்று கேட்பார். நன்றாகத் தூங்கினேன் என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுண்டிப்போகும். இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன் என்று சொல்லுங்கள், "அப்படியா! எந்த அத்தியாயத்துல?" என்று கையைப் பிடித்துக் குலுக்குவார். புத்தகத்தின் பின்னட்டையில், 'இதயம் பலவீனமானவர்கள் படிக்க வேண்டாம்' என்று போட்டிருப்பார். இதயம் பலமானவர்களும் அந்த அறிவுரையை அப்படியே கேட்டு நடந்துகொள்கிறார்கள் என்பதுதான் அவருடைய துயரம்.

எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். திகிலார் என்று கூப்பிடுவோம். பகலில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகர். வாடிக்கையாளரை இருட்டறையில் உட்கார வைத்து, ஒளிரும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, கண்ணில் வில்லையை மாற்றி மாற்றிப் போடுவது வேலை. அந்த இருட்டு போதாதா அவருக்கு?

"கடைசி வரி தெரியுதா?"

"மங்கலா இருக்குங்க."

"பலகைக்குப் பக்கத்துல யாராவது நிக்கிற மாதிரி தெரியுதா?"

"ஐயோ, யாருங்க?"

"இல்ல, சும்மா கேட்டேன். கதைக்கு."

வந்தவர் கண்ணாடியே வேண்டாம் என்று எழுந்து போய்விடுவார். "சார், நீங்க கண்ணைப் பாருங்க, பேயை அப்புறம் பாத்துக்கலாம்" என்று முதலாளி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

திகிலாரின் மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவர். காலை முதல் மாலை வரை ஒலிபெருக்கியில் நோயாளிகளின் பெயரைக் கூப்பிட வேண்டும். ஏறாமல், இறங்காமல், கோபமில்லாமல், குழைவில்லாமல் ஒரே சீரான குரல். கணவர் எழுதிய எந்த நாவலையும் அவர் படித்ததில்லை. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"பகல் முழுக்க நிஜமா பயந்து போய் உக்காந்திருக்கவங்களைப் பாக்குறேன். வீட்டுக்கு வந்து பொய்யா வேற பயப்படணுமா?" என்றார்.

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் திகிலாரிடம் சொல்லுங்கள், அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

புது நாவலின் பெயர் 'வாசலில் ஈரம்'. ஊர் மாறி வந்த ஒருவன் பழைய வீடொன்றை வாடகைக்கு எடுக்கிறான். அந்த வீட்டில் எப்போதோ நீரில் மூழ்கிச் செத்த ஒருத்தி இன்னும் போகாமல் இருக்கிறாள். அட்டைப்படம் மச்சானின் கைவண்ணம். மனைவியின் தம்பியான அவர் புகைப்படக் கடை வைத்திருந்தார். பேயாக நிற்க யாரும் கிடைக்காததால் சவுரியை மாட்டிக்கொண்டு அவரே நின்றுவிட்டார்.

"மீசை தெரியுதேடா."

"அது மீசை இல்ல மாமா, நிழல்."

நாவலைத் திகில் ரசிகர்கள் கூட்டத்தில் அறிமுகப்படுத்துவது என்று முடிவாயிற்று. இந்த ரசிகர்கள் சாமானியப்பட்டவர்கள் இல்லை. பயப்படுவதற்கென்றே காசு கொடுத்துப் புத்தகம் வாங்கி, பயப்படாமல் படித்து முடித்து, 'பயமே இல்லை' என்று குறை சொல்கிறவர்கள். அவர்களின் தலைவர் எப்போதும் கறுப்புச் சட்டை போட்டிருப்பார். நீங்கள் எந்தப் பேயைக் கொண்டுபோய் நிறுத்தினாலும், "இதோட பெரியம்மாவையே நாங்க பாத்தாச்சு" என்பது போல ஒரு பார்வை பார்ப்பார். முன்வரிசையில் வங்கிக் காசாளர் அம்மாள் ஒருவர் கம்பளி நூலில் குழந்தைக் குல்லாய் பின்னிக்கொண்டிருப்பார். கதையில் தலை உருளும்போதும் அவர் கையில் ஒரு கண்ணிகூடத் தவறாது. இவர்களை ஒரே ஒருமுறை நடுங்க வைத்துவிட்டால் பிறந்த பயனை அடைந்துவிடலாம் என்று திகிலார் நம்பினார். இதற்கு முன் கொண்டுபோன நாவலைக் கேட்டுவிட்டு அவர்கள் சிரித்திருந்தார்கள். இந்த முறையும் சிரித்தால் பேனாவை மூடிவிடுவேன் என்று என்னிடம் சொன்னார். விளையாட்டாகச் சொல்லவில்லை. கண் கலங்கியிருந்தது.

அதனால் ஒரு வாரமாகக் குளியலறையில் பேய்க்குரல் பயிற்சி. "ஏ மானிடா! உன் குருதியைக் குடித்தே என் தாகம் தீரும்!" என்று ஒரு கர்ஜனை, அதன் பிறகு ஒரு சிரிப்பு. மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து, "குழாய்ல ஏதாவது அடைச்சுக்கிச்சா சார்?" என்று விசாரித்துவிட்டுப் போனார். விளைவு என்ன? விழா நாள் காலையில் திகிலார் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தொண்டை முழுசாகக் கட்டிவிட்டது.

நூலகத்து மாடியில் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை, சுள்ளென்று வெயில். மச்சான் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, "இப்ப பாருங்க இருட்டை!" என்றார். திரையில்லாத சன்னல்கள் வழியாக வெளிச்சம் வந்து மேசைமேல் இருந்த பிஸ்கட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காட்டியது. திகிலார் மேடையில் நின்று தொண்டையைக் காட்டினார், கையை விரித்தார். கறுப்புச் சட்டைக்காரர் மைக்கை வாங்கி, "ஆசிரியர் குரலைப் பேய் அடிச்சிடுச்சு போல" என்றார். சிரிப்பு. ஆரம்பமே சிரிப்பு. திகிலாரின் முகத்தை நான் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் போலிருந்தது.

"மாமா, நான் படிக்கவா?" என்றார் மச்சான்.

அட்டைப்படத்தில் இருந்த முகம் மைக்குக்கு முன்னால் வந்தால் என்ன ஆகும் என்று திகிலார் ஒரு கணம் யோசித்தார். பிறகு, புத்தகம் விற்பதற்காகக் கதவோரம் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். பார்வையிலேயே கும்பிட்டார்.

"நானா? எனக்கு இந்த நடிப்பெல்லாம் வராதுங்க" என்றார் அவர். ஆனாலும் எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மைக்கைப் பார்த்ததும் கை தானாக அதைச் சரியான உயரத்துக்கு இழுத்து வைத்தது. தொழில் பழக்கம்.

படிக்க ஆரம்பித்தார். அதே ஆஸ்பத்திரிக் குரல். முதல் பக்கத்தில் ஆந்தை அலறியதை, அடுத்த நோயாளியைக் கூப்பிடுவது போலப் படித்தார். குருதி கொப்பளித்ததை, மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்வது போலப் படித்தார். கறுப்புச் சட்டைக்காரர் கொட்டாவி விட்டார். குல்லாய் வளர்ந்தது. திகிலார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பக்கம் திரும்பியது. கதைநாயகன் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறான். பூட்டைத் திறக்கிறான். யாரும் இல்லாத வீடு. சட்டையைக் கழற்றி மாட்டுகிறான், மேசையில் உட்காருகிறான். அப்போது சமையலறை வாசலிலிருந்து, கர்ஜனையும் இல்லாமல், மானிடாவும் இல்லாமல், ஒரு பெண் பேசுகிறாள்.

"வந்துட்டீங்களா?" என்று படித்தார் மனைவி. "நான் இங்கதான் நிக்கிறேன். சாயங்காலத்துலேர்ந்து இங்கயேதான் நிக்கிறேன். என்னைத் தாண்டித்தான் போனீங்க. நீங்கதான் பாக்கல."

அந்தக் குரலுக்கு நடிக்கத் தெரியாது அல்லவா? தினம் கேட்கிற குரல். நம் எல்லார் வீட்டிலும் இருக்கிற குரல். கூடத்தில் பிஸ்கட்டு கடிக்கிற சத்தம் நின்றது. காசாளர் அம்மாளின் ஊசியும் நின்றது. கறுப்புச் சட்டைக்காரர் மெதுவாகத் திரும்பித் தமக்குப் பின்னால் பார்த்துக்கொண்டார். பின்னால் நான் இருந்தேன். என்னைப் பார்த்தே அவர் திடுக்கிட்டார்.

"அவள் புடவையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது" என்று அடுத்த வரியைப் படித்த மனைவி, படிப்பதை நிறுத்தினார். புத்தகத்தைத் தாழ்த்தினார். கணவரைப் பார்த்தார்.

"இது நான் சொன்னதுதானே?" என்று மைக்கிலேயே கேட்டார்.

அதுவும் கதையில் வருகிறது என்று கூட்டம் நினைத்துவிட்டது. யாரோ ஒருவர், "அம்மாடி!" என்று நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்.

கதையில் இல்லை. வீட்டில் நடந்தது. போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் வெடித்து, வீடெல்லாம் தண்ணீராகி, தனியாளாக அதை அடைத்து, துடைத்து, நனைந்த புடவையோடு சமையலறை வாசற்படியில் நின்று மனைவி வழிபார்த்துக்கொண்டிருந்தார். திகிலார் அன்று மனதுக்குள் ஒரு கொலையைத் திட்டமிட்டபடியே உள்ளே வந்தார், அவரைத் தாண்டிப் போனார், மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டார். அப்போது மனைவி சொன்னதுதான் அந்த வார்த்தைகள். திகிலாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிக்கொண்டார்.

எழுத்தாளர் புத்தி!

கூட்டம் முடிந்ததும் ரசிகர்கள் மேசையை மொய்த்தார்கள். யாரும் திகிலாரிடம் போகவில்லை. "அம்மா, நீங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்று மனைவியைச் சூழ்ந்துகொண்டார்கள். காசாளர் அம்மாள், "இன்னிக்கு நான் வீட்டுக்குத் தனியா போக மாட்டேன், யாராவது கூட வாங்க" என்று அறிவித்தார். திகிலார் வாழ்நாளெல்லாம் காத்திருந்த வாக்கியம் அது. ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பேருந்தில் அவர்கள் இருவரும் நானும் ஏறினோம். மனைவி சன்னலோர இருக்கையில் நாவலை விரித்து விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். பக்கங்கள் நகர்ந்தன. திகிலார் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாவல் எழுதியும் அவர் இப்படிப் பயந்ததில்லை.

இறங்குகிற இடம் வந்தபோதுதான் மனைவி புத்தகத்தை மூடினார்.

"ரத்தம் ரத்தமா எதுக்குங்க இவ்வளவு? துடைக்கிறவங்களுக்குல்ல தெரியும்." சற்று நிறுத்தினார். "அந்த ஒரு பக்கம் மட்டும் நல்லா எழுதியிருக்கீங்க."

திகிலார் இல்லாத குரலில் ஏதோ சொல்ல முயன்றார்.

"அவ வெள்ளைப் புடவை கட்டியிருந்தான்னு போட்டிருக்கீங்க. என்கிட்ட வெள்ளைப் புடவையே கிடையாது. அன்னிக்கு நான் என்ன கலர் கட்டியிருந்தேன்?"

திகிலார் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? வெளியே பார்த்துக்கொண்டேன்.

"தெ...ரி...யல" என்று காற்றாக வந்தது.

"அதைத்தான் அன்னிக்கே சொன்னேன்" என்றார் மனைவி. சொல்லிவிட்டுச் சிரித்தும்விட்டார். அந்தச் சிரிப்பு வந்த பிறகுதான் திகிலாருக்கு மூச்சு வந்தது. படியில் இறங்கும்போது மனைவியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அவரும் கொடுத்தார்.

இப்போதெல்லாம் திகிலார் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும், நேரே சமையலறைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுகிறார். பயமா, பாசமா என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான், உனக்குக் கல்யாணம் ஆகட்டும், புரியும்" என்றார். எழுதுவதை நிறுத்தினாரா என்றால், அது எப்படி நிறுத்துவார்? அடுத்த நாவலில் வரும் பேய்க்கு என்ன நிறப் புடவை என்று மட்டும் மனைவியைக் கேட்டுத்தான் எழுதுகிறாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். 'நல்ல வேளை, நான் ஒரு வரிகூட எழுதியதில்லை' என்று உங்களுக்கு ஒரு நிம்மதி. இந்த இனத்தில் சேர எழுத வேண்டும் என்று யார் சொன்னது? படித்தாலே போதும். சற்று முன்பு உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்களே, "இதோ வர்றேன்" என்று தலையைத் தூக்காமலே சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? இதை முடிக்கிற வரை பொறுத்துக்கொள்ளச் சொன்னீர்கள்.

முடிந்துவிட்டது. எழுந்து போங்கள்.