ஈயம் தின்னாத சித்தர்

மாடம்பாக்கம் மைதானத்தில் காலை ஒன்பதுக்கே கூட்டம் பிதுங்கியது. எல்லார் தலையிலும் ஒரு சோலார் தகடு. மொட்டைமாடியில் ஒழுங்காகக் கரண்ட் தந்துகொண்டிருந்ததைக் கழற்றி, குங்குமம் வைத்துத் தூக்கி வந்திருந்தார்கள். படித்தவர்கள் காரில் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய தகட்டில் ஈயம் இருக்கிறதாம்; ஈயம் வீட்டுக்குத் தோஷமாம். சொன்னவர் ஒளியுண்ட சித்தர், போன வருஷம்வரை ஹேமநாத். ஈயமில்லாத கலப்புப் பொருளை வெயில் உறிஞ்ச வைக்க ஆய்வுக்கூடங்களில் நிஜமாகவே மெனக்கெடுகிறார்கள். சித்தர் அந்தச் செய்தியைப் படித்தார். மெனக்கெடுவதை மட்டும் விட்டுவிட்டார். தகட்டைக் கொடுத்தால், அதற்குப் பதிலாக வெயிலைத் தின்று கரண்ட் தரும் என்று சொல்லி, மந்திரித்த பழுப்புத் தாள் ஒன்று தருவார். தோஷத் தகடுகளை ஏற்ற லாரி நின்றது. லாரிக்குத் தோஷம் பிடிக்காது போல.

வரிசையில் மூன்றாவது ஆள், மீன் விற்கும் புஷ்பலதா. அவள் தகடுதான் குளிர்பெட்டியை ஓட்டுகிறது. அது போனால் மிஞ்சிய மீன் பூனைக்கு. ஆனாலும் வந்திருந்தாள். புருஷன் இருமுவது பீடியால் இல்லை, ஈயத்தால் என்று சித்தர் சொல்லியிருந்தார்.

மேடைப் பீடத்தில் பழுப்புத் தாள். அதோடு இணைத்த விளக்கு எரிந்தது.

"மேகம் மூடுனா இன்னா சாமி பண்றது?" என்றாள் புஷ்பலதா.

"இது உள்ளொளி அம்மா. சந்தேகப்பட்டால்தான் அணையும்."

"அணையுதா பாத்துடலாம்." கையிலிருந்த அலுமினிய அன்னக்கூடையைத் தாள்மேல் கவிழ்த்தாள்.

விளக்கு அசையாமல் எரிந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பாத்தியாக்கா, வெயிலே இல்லாம எரியுது," என்று உருகினாள் பக்கத்து வீட்டு காந்தா. அவள் தகடு ஏற்கெனவே லாரியில் இருந்தது.

"அதான்டி பேஜாராக்கீது. வெயில துன்ற தாளு, வெயிலு இல்லாம எப்டி எரியவைக்கும்?"

"டெஸ்ட் எல்லாம் பண்ணக்கூடாதும்மா. இது குவாண்டம்," என்றார் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஜீவானந்தம்.

"சார், எங்கிட்ட என்னிக்காவது செவுளத் தூக்கிப் பாக்காம வஞ்சிரம் வாங்கிக்கீறியா நீ?"

மேனேஜர் வானத்தைப் பார்த்தார். புஷ்பலதா பீடத்தின் பட்டுத்துணியைத் தூக்கினாள்.

உள்ளே இன்வெர்ட்டர் பேட்டரி. ஈயத்துக்காகவே காயலாங்கடையில் அடித்துப்பிடித்து எடுப்பார்களே, அதே கனத்த பேட்டரி. அதற்கும் ஒரு பொட்டு.

"இது முச்சூடும் ஈயமாச்சே சாமி. உனுக்குத் தோஷம் கெடையாதா?"

சித்தர் அவசரமாகத் தியானத்தில் ஆழ்ந்தார். லாரி கிளம்பப் பார்த்தது. முன்சக்கரத்தை ஒட்டி காந்தா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

புஷ்பலதா தகட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். முதலில் குளிர்பெட்டிக்குக் கரண்ட். அடுத்தது புருஷனின் பீடிக்கட்டு, குப்பைக்கு.

அரைக் கிலோ மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்கிற ஊர், சாமியாரிடம் மட்டும் மூக்கைப் பொத்திக்கொள்கிறது. கையை எடுங்கள். நாற்றம் தெரியும்.