புதன்கிழமைக்காரன்

சிவராமகிருஷ்ணனின் வீட்டுச் சுவரில், சிவராமகிருஷ்ணனின் ஸ்லைடு புரொஜக்டர் வழியாக, அவர் மனைவி ஸ்வர்ணா சுட்ட தவலை வடையைத் தின்றுகொண்டே பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தது, பசுபதி எடுத்த படத்தை.

அதைத்தான் சிவராமகிருஷ்ணனால் தாங்க முடியவில்லை.

படம் மோசமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அது நல்ல படம். உயரத்திலிருந்து எடுத்தது. இந்தப் பக்கம் வேகன் வேகனாக வெள்ளை ஜல்லியைச் சுமந்துகொண்டு சரக்கு ரயில் வளைந்து போகிறது. அந்தப் பக்கம் அதே ஜல்லிக்காக லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. நடுவில் வெயிலில் மின்னும் புழுதி. டெக்சாஸில் ரவுண்ட் ராக் ஊருக்கு வடக்கே இருந்த அந்தக் குவாரியில், ரயிலும் லாரி வரிசையும் ஒரே படத்தில் விழும் இடம் ஒன்றே ஒன்றுதான். ஜல்லி கொட்டும் டவரின் உச்சி.

“மேல எப்படிப் போனீங்க?” என்று யாரோ கேட்டார்கள்.

“கேட்ல இருப்பானே வெர்னன், அவனே கூட்டிட்டுப் போனான். நான் கேட்கக்கூட இல்ல” என்றார் பசுபதி.

சிவராமகிருஷ்ணன் கேட்டிருந்தார். மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இருட்டில் அவருடைய எட்டு வயது மகள் தெளிவாகச் சொன்னாள்: “அப்பா, அங்கிளோட பிக்சர் இஸ் வே பெட்டர்.”

சிவராமகிருஷ்ணன் புரொஜக்டரைத் தட்டி அடுத்த ஸ்லைடுக்குப் போனார். அது அவருடையது. தண்டவாளத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்த ரயில். அதற்குள் எல்லோரும் காபிக்கு எழுந்துவிட்டார்கள்.

இது 1985-ஆம் வருஷம் செப்டம்பரில். சிவராமகிருஷ்ணன் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் என்ஜினீயர். சனிக்கிழமை தவறாமல் குவாரிக்குப் போய் ஜல்லி ரயிலையும் லாரிகளையும் படம் எடுப்பார். ஆஸ்டினில் ரயில் ரசிகர் சங்கம் ஒன்று உண்டு. அவர்கள் போடும் காலண்டரில் தன் படம் ஒன்று வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. இரண்டு வருஷமாக அனுப்பி, இரண்டு வருஷமும் மரியாதையான கடிதத்தோடு திரும்பி வந்துவிட்டது. இந்த வருஷக் கெடு அக்டோபர் கடைசி.

பசுபதி ஆஸ்பத்திரி டாக்டர். வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அந்தக் காலத்தில் புதிதாக வருகிறவர் முன்னால் வந்தவரிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். எந்த பேங்க், எங்கே துவரம் பருப்பு, என்ன கார் என்று கேட்டு, சொன்னதை அப்படியே வாங்குவார். பசுபதியும் அப்படித்தான். சிவராமகிருஷ்ணனுடையதைப் போலவே சந்தன நிற டொயோட்டா வாங்கினார். அதே கேமரா வாங்கினார், அதே லென்ஸ் வாங்கினார். தலையில் வைக்கும் காக்கித் தொப்பி சிவராமகிருஷ்ணனே கொடுத்தது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கடையில் போட்டிருந்தான். கண்ணாடியும் மீசையும் மட்டும் நியாயமாகப் பார்த்தால் பசுபதியின் சொந்தம்.

ஒன்று மட்டும் சிவராமகிருஷ்ணன் ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார். தான் போவது சனிக்கிழமை, பசுபதிக்கு ஆஸ்பத்திரியில் லீவு புதன்கிழமை, ஆளுக்கொரு நாள் போவதே நல்லது, சேர்ந்து போனால் இருவர் படமும் ஒரே மாதிரி வந்துவிடும் என்று. நிஜமான காரணம், தான் நிற்கும் இடத்தைப் பசுபதி பார்த்துவிடக் கூடாது என்பது. அப்படிக் கட்டிக் காத்த இடத்துக்கு ஐம்பதடி மேலே போய் நின்றுவிட்டார் பசுபதி.

“என்கிட்ட கத்துக்கிட்டவன்” என்று அன்று முழுக்க ஸ்வர்ணாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கத்துக்கிட்டவர் நல்லா எடுத்தா உங்களுக்குத்தானே பெருமை?” என்றாள் ஸ்வர்ணா.

அந்தப் பேச்சை அவர் ரசிக்கவில்லை.

வெர்னனை மடக்கினால்தான் காரியம் நடக்கும் என்று முடிவு செய்தார். ரயிலுக்கு எதற்கு மைசூர்பாகு என்று ஸ்வர்ணா கேட்டாள். ஆனாலும் கிளறிக் கொடுத்தாள். சனிக்கிழமை டப்பாவோடு குவாரி கேட்டுக்குப் போனார்.

வெர்னனுக்கு அறுபது வயதிருக்கும். பாதி வார்த்தையை முழுங்கிவிட்டு மீதியைப் பேசும் டெக்சாஸ்காரர். கொஞ்ச நாளாக சிவராமகிருஷ்ணனை ‘டாக்’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். சிவராமகிருஷ்ணன் டாக்டர் இல்லை. ஆனால் தன் பேர் இவர்கள் வாயில் நுழையாது, பார்வைக்கு பிஎச்.டி. முடித்தவர் மாதிரி இருப்பதால் மரியாதையாகக் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டு, அவரைத் திருத்தவில்லை.

வெர்னன் இரண்டு துண்டு தின்றார். கொஞ்சம் வெட்கத்தோடு மூன்றாவதையும் எடுத்தார். நேரம் பார்த்து சிவராமகிருஷ்ணன் டவர் பேச்சை எடுத்தார்.

“டவரா? ஒரு தடவை ஏத்திவிட்டதுக்கே மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். வேணாம் டாக்” என்றார் வெர்னன்.

பசுபதி மேலே போனதோடு நில்லாமல் ஏணியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று சிவராமகிருஷ்ணனுக்கு வயிறு எரிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் போன் வந்தது. பசுபதிதான். எதையும் சிவராமகிருஷ்ணனிடம் சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

“சார், இன்னிக்கு வெர்னன் என்னை ஆபீஸ் ரூம்ல ஏசில உட்கார வெச்சு காபி குடுத்தான். ஆரஞ்சு ஹெல்மெட் ஒண்ணு பிரசென்ட் பண்ணினான். ‘உங்க வைஃபுக்கு தேங்க்ஸ் சொல்லுங்க’ன்னு வேற சொன்னான். நாகலக்ஷ்மியை அவன் பார்த்ததே இல்ல. இந்த ஊர்க்காரங்க ரொம்ப நல்லவங்க சார்.”

சிவராமகிருஷ்ணன் போனை வைத்துவிட்டு ஸ்வர்ணாவைப் பார்த்தார். “அவளும் ஏதோ செஞ்சு அனுப்பியிருக்கா. உன்னுதைவிட நல்லா இருந்திருக்கு.”

அந்த வாக்கியத்தின் பிற்பாதிக்காக அவருக்கு இரண்டு நாள் ரசம் கிடைக்கவில்லை.

அடுத்து என்ஜின் டிரைவரைக் கவனித்தார். தான் எடுத்ததிலேயே நல்ல ரயில் படம் ஒன்றைப் பெரிதாக்கி, பிரேம் போட்டு, சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார். டிரைவர் என்ஜினில் இருந்தபடியே கையை நீட்டி வாங்கிக்கொண்டு, ரொம்ப நேரம் படத்தையே பார்த்தார். இவர் நினைத்துக்கொண்டார், அடுத்த வாரம் நமக்கு ஏதோ இருக்கிறது என்று.

இருந்தது, பசுபதிக்கு. புதன்கிழமை டிரைவர் அவரைத் தானாகவே கூப்பிட்டு என்ஜினில் ஏற்றிக்கொண்டு, மெயின் லைன் சேரும் இடம்வரை கூட்டிக்கொண்டு போனாராம்.

“ஹார்ன்கூட நான்தான் அடிச்சேன் சார்” என்றார் பசுபதி போனில்.

சிவராமகிருஷ்ணனுக்கு அழுகை வந்தது. நாற்பத்தொரு வயது ஆள், ஜல்லி ரயிலின் ஹார்னுக்காக அழக் கூடாது என்று தொண்டையைச் செருமிக்கொண்டார். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கேட்டில் காரை நிறுத்தியதுமே வெர்னன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு வந்தார். லாரி போகும் பாதையில் காரை நிறுத்தினால் இழுத்துக்கொண்டு போய்விடுவோம், லாரிக்காரர்கள் எல்லாம் கத்துகிறார்கள் என்றார். சிவராமகிருஷ்ணன் எப்போதும்போல மரத்தடியில்தான் நிறுத்தியிருந்தார். கையை நீட்டிக் காட்டினார்.

“இன்னிக்கு சரி” என்றார் வெர்னன், பெரிய மனது பண்ணி.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. காரை எடுத்துக்கொண்டுபோய் அரை மைல் தள்ளி நிறுத்திவிட்டு, டிரைபாடைத் தோளில் சுமந்துகொண்டு டெக்சாஸ் வெயிலில் நடந்து வந்தார். வருவதற்குள் ரயில் போய்விட்டது. தோளும் பிடித்துக்கொண்டது.

புதன்கிழமை போன் வந்தபோது, காரை எங்கே நிறுத்துவது வழக்கம் என்று பசுபதியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

“லாரி பாதையிலேயே ஓரமா பார்க் பண்ணிடுவேன் சார். யாரும் ஒண்ணும் சொல்றதில்ல” என்றார் பசுபதி.

“பார்த்தியா ஸ்வர்ணா? பார்க் பண்றது அவன், திட்டு எனக்கு.”

அவர் அன்றுவரை சொன்னதிலேயே மிகச் சரியான வார்த்தை அதுதான். ஆனால் அது அவருக்கே தெரியாது.

அன்றைக்குத்தான் அவர் புத்தி கோணலாகப் போனது. தனக்கு டவர் கிடைக்காவிட்டால் போகிறது, பசுபதிக்கு கேட்டே கிடைக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. சனிக்கிழமை வெறுங்கையோடு போய் வெர்னனை ஓரமாகக் கூப்பிட்டார். மனசாட்சி கொஞ்சம் உறுத்தியது. அதனால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“புதன்கிழமை வர்றானே, அவனை இனிமே உள்ள விடாதீங்க. அவனுக்கு இந்தக் கிறுக்கு முத்திப்போச்சு. ஆஸ்பத்திரி வேலையைப் பார்க்கறதில்ல, பொண்டாட்டியைக் கவனிக்கறதில்ல. லாரிக்குக் குறுக்க காரை விடறதும் அவன்தான். கெஞ்சுவான். அசையாதீங்க.”

வெர்னன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சிவராமகிருஷ்ணனின் கையைப் பிடித்து ரொம்ப நேரம் குலுக்கினார்.

“இதை நேர்ல வந்து சொல்றதுக்கு ரொம்ப தைரியம் வேணும் டாக். எங்க அண்ணன் குடியை விட்டதும் இப்படித்தான். நான் பார்த்துக்கறேன்.”

அண்ணனும் குடியும் இதில் எங்கே வந்தார்கள் என்று சிவராமகிருஷ்ணனுக்குப் புரியவில்லை. காரியம் முடிந்தது என்பது மட்டும் புரிந்தது. பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே ஃப்ரீவேயில் வீட்டுக்கு வந்தார்.

அந்தப் புதன்கிழமை போன் வரவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். அப்படியும் வரவில்லை. எதிர்பார்த்த அளவுக்கு சந்தோஷமாக இல்லை. ஸ்வர்ணாவிடம் இதைச் சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை, புதிதாகக் கிளறிய மைசூர்பாகோடு குவாரிக்குப் போனார். கேட்டுக்குக் குறுக்கே சங்கிலி போட்டிருந்தது. வெர்னன் சங்கிலிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

“திரும்பிப் போயிடுங்க டாக்.”

சிவராமகிருஷ்ணன் காரணம் கேட்டார், பிறகு கெஞ்சினார், கடைசியில் டப்பாவைத் திறந்து காட்டினார். வெர்னன் கஷ்டப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எவ்வளவு கெஞ்சினாலும் விடமாட்டேன். உங்க நல்லதுக்குத்தான்.”

ஒரு இந்தியனைப் பற்றிக் கோள் சொன்னதில் எல்லா இந்தியனுக்கும் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று சிவராமகிருஷ்ணன் புரிந்துகொண்டார். வீட்டுக்கு வந்தால் சோபாவில் பசுபதி உட்கார்ந்திருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“என்னை உள்ள விடமாட்டேங்கறான் சார். என்ன தப்பு பண்ணினேன்னு தெரியல. ஹெல்மெட்டைக்கூட திருப்பி வாங்கிட்டான்.”

“அப்படியா” என்றார் சிவராமகிருஷ்ணன்.

“எனக்குப் பரவாயில்ல. உங்களையும் டவர்ல ஏத்தச் சொல்லி அவன்கிட்ட கேட்கலாம்னுதான் போனேன். அந்தப் படத்தை நான் காலண்டருக்கு அனுப்பல சார். இந்தக் குவாரியையே நீங்கதானே எனக்குக் காட்டினீங்க? முதல்ல உங்க படம் வரட்டும்னு இருக்கேன்.”

சிவராமகிருஷ்ணன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல், அந்த ஸ்லைடு விழுந்த சுவரையே பார்த்தார். இவ்வளவு நல்லவனாக இருப்பதற்காகவும் ஒரு கணம் பசுபதிமேல் பொறாமை வந்தது. பிறகுதான் வெட்கம் வந்தது.

“ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் கேளுங்களேன்” என்றாள் ஸ்வர்ணா. “இத்தனை நாள்ல ஒரு தடவையாவது சேர்ந்து போயிருக்கீங்களா?”

போனதில்லை. அடுத்த சனிக்கிழமை போனார்கள். கெடுவுக்கு முந்தைய கடைசிச் சனிக்கிழமை அது. பசுபதிக்கு அப்புறம் டியூட்டி இருந்ததால் அவரவர் காரில் போனார்கள். வழியெல்லாம் சிவராமகிருஷ்ணன் தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டார். வெர்னனிடம் பசுபதியைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லி, சொன்ன கோளை யாருக்கும் தெரியாமல் திரும்ப வாங்கிக்கொண்டுவிட வேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் பொறாமை கிடையாது.

சந்தன நிற டொயோட்டா ஒன்று சங்கிலிக்கு முன்னால் நின்றது. அதன் பக்கத்தில் சந்தன நிற டொயோட்டா ஒன்று வந்து நின்றது. காக்கித் தொப்பியும் கண்ணாடியும் மீசையும் கழுத்தில் கேமராவுமாக ஒருவர் இறங்கினார். அந்தப் பக்கம் இன்னொருவர் இறங்கினார்.

வெர்னன் காவல் கூண்டைவிட்டு வெளியே வந்தார். பசுபதி முந்திக்கொண்டு, தன்னை விடாவிட்டாலும் பரவாயில்லை, சாரை மட்டும் ஒரே ஒரு தடவை டவரில் ஏற்றிவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார். வெர்னன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், இரண்டு கார்களையும் பார்த்தார். தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

“நீங்க ரெண்டு பேரா? நான் ஒரே ஆள்னுல்ல நினைச்சிட்டிருந்தேன்” என்றார் வெர்னன். “அப்போ, புதன்கிழமைக்காரனை உள்ள விடாதேன்னு அன்னிக்கு என்கிட்ட வந்து சொன்னது உங்கள்ல யாரு?”