கரைந்த மீசையும் கலர் பிரிண்டரும்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. இது ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்கிற கதை இல்லை. சம்பந்தப்பட்ட மனுஷர் இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார். காது ரொம்பக் கூர்மை. லிஃப்ட் மெக்கானிக் ஆயிற்றே. நாலாவது மாடியில் ஒரு திருகு தளர்ந்தால் கீழே நின்றபடியே சொல்லிவிடுவார். வீட்டுக்குள் தன்னைச் சுற்றி என்ன நடக்கிறது என்பது மட்டும் அவர் காதுக்கு எட்டாது.

அவர் மனைவி சோப்பு செய்கிறவள். பின்னறையில்தான் தொழில். காய்ச்சி, வார்த்து, அறுத்து, பலகை பலகையாக அடுக்கிக் காயவைப்பாள். அந்த வீட்டுக்குள் போய்விட்டு வந்தால் நம் சட்டை மூன்று நாளைக்கு மணக்கும். சோப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் மேலே சுற்றுகிற உறையில்தான். தெருமுனைக் கடையில் கொடுத்து லேபிள் அடித்து வாங்குவாள். ஈரக் கை பட்டால் போதும், பச்சை இலை மஞ்சள் பழத்துக்குள் ஓடிவிடும்.

தெருக்கோடி மருந்துக்கடை அக்கா ஒருநாள் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"உன் சோப்பு நல்லா போகுதும்மா. ஆனா உன் சாயம் பக்கத்துல இருக்கற பற்பசை டப்பா மேலயெல்லாம் ஒட்டுது. கரையாத லேபிளோட திங்கட்கிழமை வா. வந்தா கண்ணுக்கு நேரா இருக்கற அலமாரித் தட்டு முழுக்க உனக்கு. வரலைன்னா வேற ஒருத்தங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க."

கண்ணுக்கு நேரா இருக்கற தட்டு. அது கிடைத்தால் தொழில் நிமிர்ந்துவிடும். அவள் வீட்டுக்கு வந்து சொன்னாள்.

"ஏங்க, நம்மளே ஒரு பிரிண்டர் வாங்கிடலாம். கலர் லேசர். அதுல மை கிடையாதாம். பொடியாம். சூட்டுல உருக்கித் தாளோட ஒட்டிடுமாம். தண்ணி பட்டா அசையாதாம்."

லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். முக்கியமான விஷயம் என்றால் அவருக்கு உட்கார்ந்து பேச வராது.

"இந்த வீட்டுல மெஷின்னு ஒண்ணு வந்தா அதைத் தேர்ந்தெடுக்கறது நான். பத்து பேரைத் தூக்கிட்டு வானத்துக்குப் போற மெஷினையே கையில வச்சிருக்கேன். ஒரு தாளைத் தள்ற மெஷின் எனக்குத் தெரியாதா? நீ சோப்பைப் பாரு. நாளைக்கே முடிக்கிறேன்."

"சரிங்க" என்றாள் அவள்.

அந்த 'சரிங்க'வில் ஒரு பொடி இருந்தது. அவருக்கு அது தும்மலாகக்கூட வரவில்லை.

மறுநாள் பிரிண்டர் கடைக்குப் போனார். கல்யாண வீட்டுக்குள் நுழைகிற பிள்ளை மாதிரி குதூகலம். வரிசையாக மெஷின்கள். ஒவ்வொன்றின் மேலேயும் கைவைத்துத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். விற்பனைக்காரர் லேசரைத்தான் முதலில் காட்டினார். குள்ளமாக, கனமாக, முகத்தில் சிரிப்பே இல்லாத மெஷின். "உழைக்கும் சார். ஆனா போட்டோ கொஞ்சம் மங்கலாத்தான் வரும்" என்றார். அடுத்தது மை ஊற்றுகிற போட்டோ பிரிண்டர். விலை பாதிதான். "உங்க படம் ஏதாவது இருந்தா குடுங்க சார், அடிச்சுக் காட்டறேன்."

லிஃப்ட்காரர் செல்போனில் இருந்த தன் முகத்தைக் கொடுத்தார்.

வந்தது பாருங்கள் ஒரு படம். பளபளவென்று. கண்ணில் ஒளி, கன்னத்தில் ஒளி. தன் மீசையில் இத்தனை முடி இருக்கிறது என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். பிறந்ததிலிருந்து எந்தக் கண்ணாடியும் அவரை இவ்வளவு மரியாதையாகக் காட்டியதில்லை. அந்த நிமிஷமே மனசு முடிவு செய்துவிட்டது.

ஆனால் வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே. அதற்கும் ஒரு வழி செய்தார். தன் முகத்தை லேபிள் அளவுக்குச் சுருக்கி, மை மெஷினில் நயமான பளபளப்புத் தாளில் ஒரு பக்கம் நிறைய அடிக்கச் சொன்னார். லேசரில் இருப்பதிலேயே மட்டமான தாளில் ஒரு பக்கம். அதுவும் பொடியை மிச்சம்பிடிக்கிற மாதிரி வெளிறலாக. விற்பனைக்காரர் ஒருமாதிரி பார்த்தார். "ஒரு விஷயமாத்தான்" என்று கண்ணடித்தார் லிஃப்ட்காரர்.

வழியெல்லாம் வாதங்களைத் தயார் செய்துகொண்டே வந்தார். அவள் இப்படிச் சொன்னால் நான் அப்படிச் சொல்ல வேண்டும், அவள் முறைத்தால் நான் விலையைச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் இரண்டு தாளையும் மேஜைமேல் விரித்தார்.

"இது லேசர். இது மை. நீயே பாரு."

அவள் பார்த்தாள்.

"ஏங்க, ரெண்டுலயும் உங்க மூஞ்சிதானா?"

"லேபிள்னா ஏதாவது இருக்கணும்ல. வேற எதைப் போடுறது?"

"சோப்பைப் போடலாம்."

"மெஷினைப் பாரு. படத்தைப் பார்க்காத."

அவள் தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். முதலில் இது. பிறகு அது.

"ஒண்ணு பளபளத் தாள், இன்னொண்ணு சாதாத் தாள் மாதிரி இருக்கே."

"அது மெஷினோட குணம். நல்ல மெஷின்னா தாளுக்கே ஒரு களை வந்துடும்."

"அப்படியா" என்றாள். கொஞ்ச நேரம் அந்தப் பளபள முகத்தையே பார்த்தாள். "நல்லாத்தாங்க இருக்கீங்க. பத்து வயசு குறைஞ்சு தெரியுது. சரி, இதையே வாங்கிடலாம்."

லிஃப்ட்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் தயார் செய்த வாதங்களை என்ன செய்வது? வீணாக்க மனசில்லாமல் எல்லாவற்றையும் ஒருமுறை சொல்லி முடித்தார். அவள் அத்தனைக்கும் தலையாட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுங்க. நீங்க லிஃப்ட்டை ரிப்பேர் பார்த்தா, மணல் மூட்டை ஏத்திப் பார்க்காம மனுஷங்களை ஏத்த விடமாட்டீங்கதானே?"

"விடவே மாட்டேன். கட்டட முதலாளி வந்து நின்னாலும் மணல் மூட்டைதான் முதல்ல."

"அப்ப இதுக்கு மணல் மூட்டை?"

அவர் யோசித்தார். தன் தொழிலின் கேள்வி, பதில் சொல்லாமல் விட முடியாது. "நாம உறை சுத்தி நாலு வீட்டுக்குக் குடுத்துப் பார்ப்போம். நானே நேரா மருந்துக்கடைக்கும் ஒண்ணு குடுத்துட்டு வந்துடறேன்."

அவள் குறுக்கிட்டாள். "மருந்துக்கடை அக்கா மனுஷங்க. மணல் மூட்டை முதல்ல."

"கரெக்ட்" என்றார் அவர். தான் சொல்லிக்கொடுத்ததை இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாளே என்று பெருமை.

இரண்டு பேரும் உட்கார்ந்து முகங்களை வெட்டி உறை சுற்றினார்கள். பளபள முகங்கள் எல்லாம் ஒரு தட்டில். மங்கல் முகங்கள் கொஞ்சம் ஓரமாக.

"இதை என்ன பண்ணறது?"

"மங்கலா இருக்கறது நம்ம வீட்டுக்கு இருக்கட்டுங்க. நல்லது வெளிய போகட்டும்."

அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் தட்டோடு லிஃப்ட்டில் மாடி மாடியாக ஏறி இறங்கினார். கதவைத் தட்டுவார், சோப்பை நீட்டுவார், முகம் மேல்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பி வைப்பார். "நம்ம புது லேபிள். குளிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுங்க." வாங்கியவர்கள் லேபிளைப் பார்ப்பார்கள், இவரைப் பார்ப்பார்கள். "அட, நீங்களேதான்" என்பார்கள். இவருக்கு உள்ளே மத்தாப்பு.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி லிஃப்ட்டில் ஏறினார். அடுத்த மாடியில் டீச்சரம்மா ஏறினார்.

"லேபிள் எப்படிங்க டீச்சர்?"

"குழாய்கிட்ட வச்சேன் சார். வைக்கும்போது சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தீங்க. திரும்பிப் பார்க்கறதுக்குள்ள அழ ஆரம்பிச்சிட்டீங்க. கண்ணு ரெண்டும் வாய் வரைக்கும் வந்துடுச்சு. பேரப்பிள்ளை குளிக்க மாட்டேங்கிறான்."

அடுத்த மாடியில் கண்ணாடிக்கடைக்காரர். வலது கன்னத்தில் மூக்கிலிருந்து காதுவரை கருநீலமாக ஒரு கோடு.

"என்ன அண்ணே, முகத்துல?"

"என்னைக் கேக்கறீங்களா? ஈரக் கையோட உறையைப் பிரிச்சேன், முகத்துல தேய்ச்சேன். இது உங்க மீசைண்ணே. தேய்க்கத் தேய்க்க நீளுது. வீட்டுல கேக்கறா, எப்ப இருந்து வளர்க்கறீங்க, அதுவும் ஒரு பக்கம் மட்டும்னு."

கீழே வாட்ச்மேன் தோளில் இருந்த துண்டை எடுத்து விரித்துக் காட்டினார். "ஐயா, நீங்க இதுல இருக்கீங்க. துவைச்சுப் பார்த்தேன். போக மாட்டேங்கறீங்க."

லிஃப்ட்காரர் அப்படியே திரும்பினார். லிஃப்ட்டுக்குள் இன்னும் யார் யார் இருப்பார்களோ. படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினார். அந்த மனுஷர் படியேறிப் போனதை அந்தக் கட்டடம் அன்றைக்குத்தான் பார்த்தது.

வீட்டுக்குள் வந்தால், பின்னறையில் ஒரு வாளித் தண்ணீர். அதில் ஒரு சோப்பு உறையோடு கிடக்கிறது. அவள் கையை விட்டு எடுத்து, சொட்டச் சொட்ட மேஜைமேல் வைத்தாள். தாள் நைந்து சுருங்கியிருந்தது. ஆனால் முகம்? மங்கல்தான். வெளிறல்தான். சிரித்த சிரிப்பு அப்படியே இருக்கிறது. மீசை முடிக்கு முடி அதனதன் இடத்தில்.

அவர் அதைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனுஷர் வீம்புக்கு அந்த மை மெஷினையே வாங்கியிருப்பார். சொல்லவில்லை. அதுதான் அவள் சாமர்த்தியம்.

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு முதல்லயே சந்தேகம். அதான் மணல் மூட்டை ஏத்தினேன்."

"தெரியும்ங்க. இல்லைன்னா நேரா மருந்துக்கடைக்கில்ல போயிருக்கும்."

"லேசர்தான். முடிவு பண்ணிட்டேன்."

"நீங்க சொன்னா சரி. அந்தப் பெட்டியோட வர்ற பொடி முழுசா அரையான்னும் கேப்பீங்கதானே? நாலு நிறத்துக்கும் தனித்தனியா வாங்கினா என்ன ஆகும்னு?"

"கேக்காம வருவேனா" என்றார். அப்படி ஒரு கேள்வி இருக்கிறதென்று அந்த நொடிவரை அவருக்குத் தெரியாது.

கடையில் அதே கேள்வியை அவர் கேட்டபோது விற்பனைக்காரரே நிமிர்ந்து உட்கார்ந்தார். கூட வருவது பாதிதானாம். முதலில் காட்டிய லேசருக்குப் பொடி வாங்கியே குடும்பம் கவிழ்ந்துவிடும் போலிருந்தது. கடைசியில், ஸ்கேன் பண்ணாத, ஃபேக்ஸ் அனுப்பாத, அடிக்கிறதை மட்டும் ஒழுங்காக அடிக்கிற ஒரு சின்ன லேசரில் வந்து நின்றார். பொடியும் மலிவு. 'சின்ன' என்பது பேருக்குத்தான். தூக்கி வரும்போது வழியில் நாலு இடத்தில் இறக்கி வைத்தார். அப்படியும் வாயெல்லாம் பல். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "லேசர்" என்றார், கேட்காமலே.

வீட்டில் மேஜையைத் துடைத்து அதில் ஏற்றினார். பிளக்கைச் சொருகினார். மெஷின் உறுமியது. காதை வைத்துக் கேட்டார். "உள்ள நல்லா சுத்துது." பிறகு நிமிர்ந்து நின்றார். மறுபடியும் முக்கியமான விஷயம்.

"இங்க பாரு. இந்தப் பட்டன் என்னோடது. என்னைத் தவிர ஒருத்தர் கை வைக்கக் கூடாது. இதுக்கு ஆபரேட்டர் நான்."

"ஆபரேட்டர்னா என்னென்னங்க?"

"தாள் போடுறதுல இருந்து லேபிள் சோப்புல ஏறுற வரைக்கும் எல்லாம் என் கன்ட்ரோல். நடுவுல நீ வரவே கூடாது."

"வரவே மாட்டேன்" என்றாள். ரொம்பத் தெளிவாகச் சொன்னாள்.

முதல் தாள் வந்தது. சுடச்சுட, மஞ்சள் பழமும் பச்சை இலையும். அவர் அதில் எச்சில் தொட்டுத் தேய்த்தார். அசையவில்லை. தண்ணீர் தெளித்தார். அசையவில்லை. "பாத்தியா" என்றார். "பாத்தியா, பாத்தியா" என்று வீடெல்லாம் தாளை எடுத்துக்கொண்டு நடந்தார்.

திங்கட்கிழமை அவள் சோப்புகளோடு மருந்துக்கடைக்குப் போனாள். அக்கா ஒரு டம்ளர் தண்ணீரில் ஒன்றை உறையோடு முக்கினாள். எடுத்தாள். வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

"தட்டு உனக்குத்தான். என் தங்கச்சி கடைக்கும் வேணும், கொழுந்தன் கடைக்கும் வேணும். எத்தனை சீக்கிரம் வரும்?"

"ஆபரேட்டரைக் கேட்டுச் சொல்றேன்க்கா" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். அவர் துள்ளிக் குதித்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார். பட்டனை அமுக்கினார். தாள் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. மேஜை நிறைந்து, நாற்காலி நிறைந்து, கட்டில்வரை லேபிள். எல்லாம் முடிந்து கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்தவர், பின்னறையில் உறையில்லாமல் மலையாகக் குவிந்திருந்த சோப்பைப் பார்த்தார். வெட்டாத தாள்களைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

அவள் கத்தரிக்கோலை அவர் கையில் வைத்தாள். ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தாள்.