ஓட்டிஸுக்காக ஜெபிக்கிறவர்கள்

அன்பும் மதிப்பும் மிகுந்த வெர்னா அத்தைக்கு,

ஷெல்பி வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் வீடும் உங்கள் ரோஜாச் செடிகளும் நலம். வாசற்படி ஏறமுடியாமல் ஃபுளோரிடாவுக்குப் போன உங்கள் இடது முழங்கால் அங்கே தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. "என் வீட்டில் இருக்கும் அந்த வழுக்கை ஆள் யார்? ஈஸ்டருக்கு நான் வருவதற்குள் அவன் வெளியே போயிருக்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் அத்தை, ஓட்டிஸ் ஆள் இல்லை. பூனை.

லைக்கோய் என்கிற ஜாதி. நம் டென்னசியில்தான் அதற்கு அந்தப் பெயரே வைத்தார்கள். உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாக மயிர் கலந்து கிடக்கும். கண்ணைச் சுற்றி, மூக்கு, வாய், காதுக்குப் பின்னால் வெறும் தோல். ஓநாய்க்குட்டி போலவும் இருப்பான், கடன் கேட்டு வந்த கிழவர் போலவும் இருப்பான். அவ்வப்போது இருக்கிற மயிரும் கொட்டி, மறுபடி முளைக்கும். நோய் இல்லை, பிறவி அப்படி. வெயிலில் படுத்தால் தோல் கறுக்கும். புது ஆளைக் கண்டால் சோபாவுக்குப் பின்னால் போய் நின்று முகர்ந்து பார்ப்பான். பிடித்துவிட்டால் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வருவான், எறிந்த பந்தை எடுத்துவந்து கொடுப்பான். மடியில் படுத்தால் வெந்நீர்ப் பை தோற்கும். இந்தக் குளிர்காலம் எனக்கு அதில்தான் போனது.

தவறு பக்கத்து வீட்டு ஓப்பல் அம்மாவிடம் ஆரம்பித்தது. மயிர் கொட்டுகிற பருவத்தில் அவனை ஜன்னலில் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் சபையில் ஜெப விண்ணப்பம் கொடுத்துவிட்டார்கள். "வெர்னா வீட்டில் இருக்கும் ஓட்டிஸ், முடியெல்லாம் கொட்டிவிட்டது, நாள் முழுக்க ஜன்னலோரம் படுத்திருக்கிறார்" என்று போதகர் வாசித்தார். பூனை என்று யாரும் சொல்லவில்லை. நான் கடைசி வரிசையில் இருந்தேன், எழுந்து சொல்லணும்னு கால் வரைக்கும் வந்துச்சு, வாய் வரைக்கும் வரல. நம்ம குடும்பத்துல முதல் பட்டதாரின்னு நீங்க பெருமையா சொல்லிக்கிறீங்க, நாலு பேர் முன்னாடி ஒரு வாக்கியம் பேச காலேஜ்ல யாரும் சொல்லித்தரலையே. மறுநாளே, நோயாளி இருக்கற வீடுன்னு, அடுப்புல சுட்ட கேசரோல் பாத்திரம் பாத்திரமா வர ஆரம்பிச்சிருச்சு. கோழி, உருளைக்கிழங்கு, பச்சை பீன்ஸ், எல்லாத்துக்கும் அடியில பேர் எழுதின டேப். காலிப் பாத்திரமா திருப்பித் தரக்கூடாதே, நான் கேக் சுட்டு ஊரெல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கறேன். ஓட்டிஸ் சாப்பிடுறாரான்னு கேட்டாங்க, நல்லா சாப்பிடுறார்னேன். தூக்கம்? பகல் பூரா. முடி திரும்ப வருதா? வருது, மறுபடி கொட்டும். "பாவம், என்ன பொறுமையா தாங்குறார் மனுஷன்" என்று வாசலில் நின்றபடியே ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய் ஒன்றும் சொல்லவில்லை அத்தை, ஆனாலும் இது சரியில்லை.

வருகிற ஞாயிறு சபையில் எழுந்து நின்று ஓட்டிஸ் பூனை என்று சொல்லிவிடப்போகிறேன். இது உறுதி. அவனை மட்டும் வெளியே அனுப்பச் சொல்லாதீர்கள். உங்களைப் பார்த்தால் அவனும் முதலில் ஒளிவான், பிறகு விடமாட்டான்.

சமாதானமும் நல்ல தூக்கமும் உங்களுக்கு உண்டாகட்டும்.

உங்கள் அண்ணன் மகள்,
ஷெல்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் வாசலில் சுத்தியல் சத்தம். சபையின் ஆண்கள் குழு பலகைகளோடு வந்திருக்கிறது. ஓட்டிஸ் படி இறங்க முடியாமல்தான் உள்ளேயே கிடக்கிறார் என்று முடிவு செய்து, படிக்கு மேல் சாய்தளம் கட்டுகிறார்கள். உண்மையைச் சொல்லத்தான் வெளியே போனேன். வில்பர்ன் அண்ணன் வாயில் ஆணியை வைத்துக்கொண்டே கேட்டார்: "அவருக்கு எந்தக் கால்மா முடியல? கைப்பிடி எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

நான் உங்களை நினைத்துக்கொண்டேன் அத்தை. "இடது கால்ங்க, ரெண்டு பக்கமும் வச்சிருங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் சொல்வதாக இல்லை. பெயின்ட் காயட்டும்.