திரைக்கு வெளியே நீட்டிய மூக்கு

வெயில் ஏறுவதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. ஞானி மூக்கைப் பார்த்தே குடிகாரனைக் கண்டுபிடித்துவிடுவாராம்! அறை நடுவே கறுப்புத் திரை. அதில் ஓர் ஓட்டை. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்து தீர்ப்புப் பிசகிவிடுமாம்; ஆகவே மூக்கை மட்டும் நீட்ட வேண்டும். சிவந்திருந்தால் திருட்டுக் குடி. அதை முறிக்க ஒரு புட்டி எண்ணெய், எண்ணெய்க்கு ஒரு காணிக்கை. மூக்கும் முழியுமாக வந்தவர்கள் அங்கே வெறும் மூக்கானார்கள்.

போன வாரம் ஒரு பேருந்து ஓட்டுநரை மனைவி இழுத்துவந்தாள். சோடாவைத் தாண்டி எதையும் தொடாதவர். "பத்து வருஷக் குடி! இவனோட வாழ்ந்தா குடும்பம் அழியும்" என்றார் ஞானி. அவர் மூக்கில் இருப்பது தோல் நோய், வெயில் பட்டாலும் காரம் தின்றாலும் இன்னும் சிவக்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஆனால் மருத்துவர் திரை கட்டவில்லையே, எப்படி நம்புவது? அவள் பெட்டி கட்டினாள். வாரம் முழுக்க அழுதாள். மூக்கைச் சிந்திச் சிந்தித் துடைத்தாள்.

ஓட்டுநரின் தங்கைக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, பெட்டியைத் தூக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அங்க வாங்க. இந்தத் தடவை நீங்க நீட்டுங்க."

"நானா? நான் என்ன குடிக்கிறேனா?"

"அதை அவரே சொல்லட்டுமே."

அன்று அந்த வரிசையில் நின்று அண்ணி மூக்கை நீட்டினாள். "போன வாரம் வந்த டிரைவர் வீடு, ஐயா" என்று மட்டும் சொன்னாள் நாத்தனார்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் முழங்கியது: "எண்ணெய் போட்டும் அடங்கலையே! நேத்துகூட ஊத்தியிருக்கான். பாவம் பொண்டாட்டி, இன்னிக்கே விலகிடணும்!"



"எந்தப் பொண்டாட்டி?" என்றாள் அண்ணி. திரையைப் பற்றி ஒரே இழுப்பு. "இது என் மூக்கு. உன் பேச்சை நம்பி அழுது சிவந்த மூக்கு!"

ஞானி பின்வாசல் பக்கம் நகர்ந்தார். "கிரகம்... கொஞ்சம் மாறியிருக்கு..."

வரிசையின் கடைசியில் ஒருவர் தள்ளாடியபடி கை தூக்கினார். "என்னைச் சுத்தமானவன்னு சொன்னாரு. அப்பவே எனக்குச் சந்தேகம்தான்!"

சிரிப்பு அடங்குவதற்குள் ஞானி பின்வாசல் வழியே மறைந்தார். அண்ணி வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தாள். வரிசையில் நின்ற ஒருவர் மட்டும், "ஐயா திரும்பி எப்போ வருவாரு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மூக்கு சிவக்க அழுகை, சளி, வெயில், தோல் நோய் என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. வெட்கமும் ஒன்று. கொஞ்சம் யோசித்திருந்தால் அந்தக் கூட்டத்துக்கு அன்று அதுவாவது வந்திருக்கும்.