எட்டுப் பாட்டும் ஒரு புரொடியூசரும்

2009 ஆகஸ்டில் நான் ஒரு பெரிய முடிவு எடுத்தேன். டான்ஸ் பாப் ஆல்பம் போட வேண்டும். அதில் என் பெயர் கொட்டை எழுத்தில் வர வேண்டும்.

டான்ஸ் பாப் குழுவில் பாடுகிறவர் மாறலாம், ஆடுகிறவர் மாறலாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தாளம் சேர்த்து, யார் எதைப் பாடுவது என்று சொல்கிறவன் மட்டும் மாறமாட்டான். அவன்தான் புரொடியூசர். பூதப்பாண்டியில் உரக்கடை வைத்திருக்கும் ஞானசிங் ஆகிய எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் யாருக்கும் எதையும் சொல்கிற பாக்கியம் அதுவரை எனக்கு வாய்த்ததில்லை.

ஒரே ஒரு சிக்கல். என் மனைவி பூங்கனி எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். என் முதல் பாட்டோ, ‘கண்ணடிச்சா கரண்டு பாயும்.’ ஆகவே பொய் சொன்னேன்.

“கிறிஸ்மஸ் கேரல் ஆல்பம் போடுதேன்.”

“கேரலா? டங்கு டங்குன்னுல்லா கேக்குது?”

“வீடு வீடா கேரல் பாடிப் போகும்போ கிறிஸ்மஸ் தாத்தா ஆடுகாருல்லா? அவரு ஆடுகதுக்குத் தாளம் வேண்டாமா?”

“அது சரியாக்கும்,” என்றாள்.

மூன்று மாதம் மாடியறையில் எட்டுப் பாட்டு உருவானது. பாடியவன் பக்கத்து வீட்டு ஜான்ரோஸ். நல்ல குரல். பெண்டாட்டி ஜெப்சியிடம் அபாரமான பயம். பயந்தவனிடம் ரகசியம் பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். பெண்டாட்டிக்குப் பயந்தவன் பெண்டாட்டியிடம்தான் முதலில் சொல்வான் என்பது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். ஜெப்சியிடமிருந்து பூங்கனிக்குப் போக ஒரு மதில்தான் தூரம்.

நவம்பரில் ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தால், மாடியறையில் பதினோரு பெண்கள். என் நாற்காலியில் பூங்கனி.

“என்னட்டி இது?”

“கேரல் பிராக்டிஸ். உங்க பாட்டுதான். வரிய மட்டும் கொஞ்சம் நேராக்கியாச்சு.”

கையசைத்தாள். ‘நட்சத்திரம் வந்தா வெளிச்சம் பாயும்’ என்று பதினோரு பேரும் என் தாளத்தில் பாடினார்கள். மூலையில் ஜான்ரோஸ் புட்டும் பயறும் தின்றபடி தலையாட்டினான்.

“பழைய வரிக்கு என்ன கொறச்சல்?” என்றேன்.

“ஒண்ணும் இல்ல. போதகர்ட்ட பாடிக் காட்டிட்டு, அதையே வச்சுக்கிடுவமா?”

வேண்டாம் என்றேன். கேரல் என்று சொன்னவன் நான்தானே.

“அப்பம் கீழ போய்த் தேங்கா திருவுங்க. இன்னும் ஒரு ஈடு புட்டு அவிக்கணும்.”

திருவினேன். மனசு வலித்தது. மேலே பாட்டு முன்பைவிட நன்றாயிருந்ததில் இன்னும் வலித்தது. பெயராவது மிஞ்சுமா என்று அன்றைக்கே கேட்டேன்.

“சி.டி. அட்டையில என் பேரு?”

“எல்லாம் முறையா வரும். நீங்க தேங்காயப் பாருங்க.”

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வெளியீடு. போதகர் சி.டி.யை உயர்த்திப் பிடித்தார்.

“இந்த ஆல்பத்தின் புரொடியூசரை முன்னால் அழைக்கிறேன்.”

சட்டையை இழுத்துவிட்டு எழுந்தேன்.

“சகோதரி பூங்கனி.”

அவள் நடந்து போனாள். நான் நின்றேன். மறுபடி உட்கார்ந்தால் மானம் போய்விடும். போதகர் என்னைப் பார்த்துக் கண் கலங்கினார்.

“மனைவிக்கு எழுந்து நின்று மரியாதை செய்கிற கணவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.”

பெண்கள் பக்கம் கை தட்டியது. ஜெப்சி அங்கிருந்தே ஜான்ரோஸை ஒரு பார்வை பார்த்தாள். அவன் எழுந்தான். பிறகு அவன் பக்கத்தில் இருந்தவர். ஒரு நிமிடத்தில் சபையின் ஆண்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

இனி பெண்கள் மேடையேறும்போதெல்லாம் ஆண்கள் இப்படியே எழுந்து நிற்க வேண்டும் என்று ஐக்கிய சங்கம் அடுத்த வாரமே தீர்மானம் போட்டுச் சபையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியது. அடியில், முன்மொழிந்தவர் என்று என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.