கேட் சாத்திய அதிர்வு

நாற்பத்தொரு மணி நேரம். மனித நாகரிகம் பெருமாநல்லூர் ரோட்டில் தன் உச்சியில் நின்றது அவ்வளவு நேரம்தான். அதற்குப் பின் உடைந்துவிட்டது.

உடைந்தது, பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் எம்.டி. சிவபிரகாஷ் வாங்கிய எலெக்ட்ரிக் காரின் கூரை. முன் கண்ணாடியில் தொடங்கிப் பின் கண்ணாடி வரை ஒரே கண்ணாடி. நடுவில் தகரம் என்ற பழைய சிந்தனைக்கே இடமில்லை.

கண்ணாடிக் கூரையின் பயன்கள் பல. சித்திரை வெயில் மனிதனின் உச்சந்தலையை நேரில் சந்திக்க இத்தனை காலம் தகரம் தடையாக இருந்தது. அந்தத் தடை நீங்கியது. சீட்டில் சாய்ந்தபடி சாயப்பட்டறையின் புகைபோக்கியைப் பார்க்கலாம். அதற்கு மேலே பருந்தைப் பார்க்கலாம். சூடு தாங்காமல் ஏ.சி.யைப் பதினாறில் வைத்தால், சார்ஜ் இறங்கும் வேகத்தையும் பார்க்கலாம். எம்.டி. இதை 'அனுபவம்' என்றார். தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு அனுபவித்தார்.

வினிதா அந்தக் கம்பெனியின் லேப் இன்சார்ஜ். பி.எஸ்சி. இயற்பியல். சேவூரிலிருந்து தினமும் கம்பெனி வேனில் வருவாள். துணி எவ்வளவு சுருங்குகிறது, சாயம் போகிறதா, குழந்தைச் சட்டையின் பட்டன் எவ்வளவு இழுத்தால் பிய்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. துணியை அடியிலிருந்து ஊதி ஊதி, அது வெடிக்கும்போது அதன் பலத்தைக் குறித்துக்கொள்ளும் மெஷினும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. பலம் தெரிந்துவிடும். துணி போய்விடும்.

"டெஸ்ட் பண்ணாததை நம்பாதே" என்பது எம்.டி.யின் கொள்கை. ரிசப்ஷனில் பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்.

மீட்டிங்குகளில் வினிதா பேசியதில்லை. இரண்டு வருடத்தில் ஒருமுறை தும்மினாள். அது ஆமோதிப்பாக மினிட்ஸில் ஏறியது.

கூரை உடைந்த அன்று மத்தியானம், எம்.டி.யின் மச்சான் செங்கோட்டையன் காரைப் பார்க்க வந்திருந்தார். அவரும் ஏற்றுமதியாளர்தான், போன மாதம் டீசல் வண்டி வாங்கியவர். சாப்பாட்டு நேரம். கட்டிங், தையல், பேக்கிங் என்று எல்லா செக்‌ஷனும் காரைச் சுற்றி நின்றது. செங்கோட்டையன் கூரையை ஒரு விரலால் தட்டினார்.

"ஏனுங்க மாப்ள, அப்பளமாட்டம் இருக்குது. இது தாங்குமுங்களா?"

இந்தக் கேள்விக்கும் கூரை உடைந்ததற்கும் இடையில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுத முடியாது. விசாரணையில் இருக்கும் விஷயத்தில் முந்திக்கொண்டு கருத்துச் சொல்வது மரபல்ல.

முதலில் வழக்கமான நடைமுறை பின்பற்றப்பட்டது. பனியன் கம்பெனியில் தையல் ஊசி உடைந்தால், எல்லாத் துண்டும் கிடைக்கும் வரை அந்த மெஷின் ஓடக் கூடாது. துண்டுகளைத் தேடி எடுத்து, ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டிக் காட்ட வேண்டும். வெளிநாட்டுக் குழந்தையின் சட்டைக்குள் ஊசித்துண்டு போய்விடக் கூடாது என்பதற்கான நல்ல ஏற்பாடு. ஃபேக்டரி மேனேஜர் தரணீதரன் இதைக் கண்ணாடிக்கும் விரிவுபடுத்தினார்.

"ஊசின்னா என்ன, கூரைன்னா என்னங்க? உடைஞ்சது உடைஞ்சதுதான். லைனை நிறுத்துங்க!"

நூற்றுச் சொச்சம் பேர் தரையில் குந்தி, சோளப்பொரி போலச் சிதறிக் கிடந்த கண்ணாடியைப் பொறுக்கித் தாளில் ஒட்டினார்கள். ஒளிந்திருக்கும் துண்டுகளைத் தேட, ஊசி தேடும் காந்தம் வந்தது. காரைச் சுற்றி இரண்டு முறை காந்தத்தைக் காட்டினார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. "க்ளியருங்க" என்று தரணீதரன் சான்று அளித்தார். கண்ணாடி காந்தத்தில் ஒட்டாது என்று வினிதாவுக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் விசாரணைக் குழு கூடியது. எம்.டி., தரணீதரன், எச்.ஆர். கீதாஞ்சலி, தொழில்நுட்ப வல்லுநராக வினிதா. எம்.டி.யின் இரண்டு பாதங்களிலும் கட்டுப் போட்டு எதிர் நாற்காலியில் நீட்டியிருந்தார்கள். அது வேறு விஷயம். அஜெண்டாவில் இல்லை.

இன்சூரன்ஸ்காரர் சாயங்காலம் வருகிறார். அதற்குள் காரணம் வேண்டும். காரணம்தான் தெரியவில்லையே தவிர, தண்டனை காலையிலேயே முடிவாகிவிட்டது. கேட்டில் 'வாட்ச்மேன் தேவை' என்ற பலகை தொங்கியது. அதை மாட்டியவர் வாட்ச்மேன் நாச்சிமுத்துதான். ஏணி அவரிடம்தான் இருந்தது. அவருக்கு வேலை போனால் கேட்டை ஒட்டிய ஒற்றை அறையும் போகும். அவர் மனைவி ராமாயி அதே கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். 'குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது' என்ற மனிதாபிமான அடிப்படையில் அவளையும் சேர்த்தே அனுப்புவதாக இருந்தது.

சாட்சிகளை நேற்றே விசாரித்து முடித்திருந்தார்கள். கீதாஞ்சலி வாசித்தார். சம்பவ நேரத்தில் கட்டிங் மாஸ்டர் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். பேக்கிங்கில் பதினெட்டுப் பேருக்கு ஒரே சமயத்தில் கண்ணில் தூசி விழுந்தது. செங்கோட்டையன் சார் போனில் சொன்னது: "நான் சிரிச்சுட்டு இருந்தனுங்க, ஒண்ணுமே தெரியலீங்க."

"முதல்ல வெயிலை எடுத்துக்குவோமுங்க" என்றார் தரணீதரன். "சூடு தாங்காம தானா வெடிச்சுருச்சுன்னு எழுதிரலாமுங்க."

"அப்ப நான் மட்டமான வண்டிய வாங்கிட்டேன்னு மச்சான் ஊரெல்லாம் சொல்லுவான். அதெல்லாம் பாலைவனத்துல ஓட்டிப் பாத்த வண்டிங்க. வெயிலை உடுங்க."

வெயில் விடுவிக்கப்பட்டது.

"அப்பறம் மயிலுங்க. பின்னால முள்ளுக்காட்டுல இருந்து தினமும் வருது. கண்ணாடியில தன்னையவே பாத்துக் கொத்துதுங்க. நானே ரெண்டு நாளா—"

"முருகா!" எம்.டி. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போறவனுங்க நானு. மயில் மேல கேஸ் எழுதச் சொல்றீங்களா?"

தரணீதரனும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். 'மயில் நிரபராதி. அதன் நற்பெயருக்கு ஏற்பட்ட களங்கத்துக்குக் குழு வருந்துகிறது' என்று கீதாஞ்சலி டைப் செய்தார். ஆக, வெயிலுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தது. மயிலுக்கு முருகன் இருந்தார். நாச்சிமுத்துவுக்கு ஒரு விசில் இருந்தது.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"நாச்சிமுத்தண்ணா, நேத்து நீங்க என்னமோ சொன்னீங்களாமா?" என்றார் தரணீதரன்.

"சொன்னனுங்க."

"என்னன்னு?"

"'வேண்டாமுங்க சாமி, கண்ணாடிங்க, உடைஞ்சு போயிருமுங்க'ன்னு சொன்னனுங்க."

"எழுதிக்கங்க மேடம்! உடையறதுக்கு முன்னாலயே உடையுமுன்னு சொல்லியிருக்காரு. உங்குளுக்கு எப்படிங்க முன்கூட்டியே தெரிஞ்சுது?"

"கண்ணாடின்னா உடையுமுங்களே."

"பாத்தீங்களா, ஒத்துக்கறாரு."

யாரிடம் 'வேண்டாம்' என்று சொன்னீர்கள் என்ற கேள்வி, நேரமின்மையால் கேட்கப்படவில்லை.

வினிதா மேசையைப் பார்த்தாள். காலையில் வேன் உள்ளே வரும்போது நாச்சிமுத்து ஒவ்வொருவரிடமும் "சாப்புட்டாச்சா கண்ணு?" என்று கேட்பார். பதிலுக்காக நின்று கேட்பார். அந்தக் கம்பெனியில் வினிதா ஒரு கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்லும் இடம் அது ஒன்றுதான்.

"சரி, இவரு எப்படி உடைச்சாருன்னு எழுதறது? கிட்டயே போகலீங்களே" என்றார் கீதாஞ்சலி. நல்ல படிப்பாளி, ஓட்டையை உடனே கண்டுபிடித்துவிடுவார்.

எம்.டி. வினிதாவின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, பிசிக்ஸ்ல 'அதிர்வு'ன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"இருக்குதுங்க சார்."

"அதிர்வுல கண்ணாடி உடையுமில்ல?"

"உடையலாமுங்க சார்."

"முடிஞ்சுது. கேட்டை வேகமாச் சாத்துனாரு. அதிர்வு கெளம்புச்சு. கூரை உடைஞ்சுது."

கேட்டுக்கும் காருக்கும் நடுவில் ஒரு கிரிக்கெட் மேட்ச் நடத்தலாம். இடையில் இருந்த எட்டு ஜன்னல், ஒரு மீன் தொட்டி, ரிசப்ஷன் கண்ணாடிக் கதவு எல்லாவற்றையும் மரியாதையோடு தாண்டிச் சென்று, காரின் கூரையை மட்டும் தேர்ந்தெடுத்த அந்த அதிர்வைக் குழு ஒருமனதாக ஏற்றது. அறிவியல் இவ்வளவு வேகமாக ஒரு தொழிற்சாலைக்கு உதவியது அபூர்வம்.

பிரிண்ட் வந்தது. 'தொழில்நுட்ப வல்லுநர்' என்ற இடத்துக்கு மேலே கோடு காலியாக இருந்தது. தரணீதரன் பேனாவின் மூடியைக் கழற்றியே கொடுத்தார்.

வினிதா பேனாவை வாங்கினாள். முள் தாளைத் தொட்டு ஒரு புள்ளி விழுந்தது.

"என்னம்மா யோசனை?" என்றார் எம்.டி.

நாச்சிமுத்து ஒரு அடி முன்னால் வந்தார். "போடு கண்ணு" என்றார் மெதுவாக. "நேரமாச்சு. உன்ற வேன் போயிரும்."

வினிதா பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் தும்மப் போகிறாள் என்று நினைத்துக் கீதாஞ்சலி விசைப்பலகையில் விரல் வைத்தார்.

"அதிர்வு நெசந்தானுங்க சார்" என்றாள் வினிதா.

எம்.டி.யின் முகம் மலர்ந்தது. "படிச்ச புள்ளைங்கறது இதுக்குத்தான்."

"ஆனா அது கேட்டுல இருந்து வரலீங்க சார்."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. நிறுத்தினால் திரும்ப வராது என்று பயந்து வேகமாகச் சொன்னாள்.

"நீங்கதானுங்க சார் ஷூவைக் கழட்டி வெச்சுட்டு மேல ஏறுனீங்க. 'டெஸ்ட் பண்ணிக் காட்டறேன்'னு குதிச்சீங்க. மொதல்ல கீறல் விழுந்துச்சுங்க. எல்லாரும் பாத்தோமுங்க. அதுக்கப்பறமும் குதிச்சீங்க. வேண்டாமுன்னு சொன்னது இவரு ஒருத்தருதானுங்க."

மூச்சு வாங்கினாள்.

"மத்தவங்க எல்லாம் கை தட்டுனோமுங்க சார். நானுந்தான்."